முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், இருபதாம் தேதியே காசு காலி, வகுப்பும் புரியவில்லை: என்ன செய்வது?

கேள்வியை ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது கோயம்புத்தூரில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்), 2021 ரெகுலேஷன் என்கிற பாடத்திட்ட விதிமுறை, விடுதி வாசம். முதல் செமஸ்டரில் கணக்கிலும் வேதியியலிலும் அரியர், அதாவது பாஸாகாமல் பாக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் நடத்துவது பாதிக்கு மேல் புரியவில்லை. வீட்டிலிருந்து மாதம் 2,500 ரூபாய் வருகிறது, இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். “நேரத்தை எப்படிப் பிரிப்பது, ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில், “ரூமில் மற்ற மூன்று பேரும் சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் இப்படியா, வீட்டில் இன்னும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். டைம்டேபிள் போட்டுக் கொடுத்தால் மூன்று நாள் சுவரில் இருக்கும், நாலாம் நாள் அதன் பின்பக்கத்தில் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அதில் ஆறு வருடம் ஆண்கள் விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வட்டம்தான். கலை அறிவியல் கல்லூரிகளின் நடைமுறை வேறு. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கீழே சொல்லும் மதிப்பெண் கணக்கிலும் மாற்றம் இருக்கும், விதிமுறைப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெண்கள் விடுதியில் சாயங்காலம் கேட் சாத்துகிற நேரம் ஒன்றே அன்றாடத்தை வேறு மாதிரி ஆக்கிவிடும், அதைப் பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது.

“எனக்கு மட்டும்தானா” என்பதற்கு முதலில் பதில்: இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற ராத்திரி விடுதி வராந்தாவில் நடந்து போனால் தெரியும். மற்ற நாட்களில் பத்து மணிக்குக் கத்திக்கொண்டிருக்கும் ரூம்களில் அன்றைக்குச் சத்தமே இருக்காது. பாஸானவன் பாஸாகாதவன் எதிரில் சிரிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிடப்பான். பாஸாகாதவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சர்வர் டவுன்டா, இன்னும் ஓப்பன் ஆகல” என்பான். உங்கள் ரூமில் இருக்கும் மூன்று பேரும் உங்களைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் தெரியுமா? “அவன் வாரா வாரம் ஜாலியா ஊருக்குப் போயிட்டு வர்றான்” என்று.

அந்த வாராந்திரப் பயணத்தைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை விட்டுவிட்டு சிங்காநல்லூர் போய் மதுரை பஸ் ஏறுகிறீர்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து அருப்புக்கோட்டை, அப்புறம் ஊருக்கு யாராவது வண்டி. போய்ச் சேரும்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் வரை தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பவும் அதே வழி. திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கி, முதல் இரண்டு பீரியட் ஒன்று வகுப்பில் இருப்பதில்லை, அல்லது வகுப்பில் உட்கார்ந்து தூங்குகிறீர்கள். திங்கள் முதல் இரண்டு பீரியட் கணக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போகவர டீ, பரோட்டா எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாயை நெருங்கும். மாதம் நாலு தடவை என்றால் இரண்டாயிரம். 2,500-இல் இரண்டாயிரம் பஸ்ஸுக்கே போனால் இருபதாம் தேதி வரை தாக்குப்பிடிப்பதே உங்கள் கெட்டிக்காரத்தனம். காசு, கணக்குப் பாடம் என்று தனித்தனிப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஓட்டைதான் தெரிகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கிற ஓட்டை.

வருகைப்பதிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாரத்துக்கு 40 பீரியட் என்று வைத்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, ஆக மூன்று போகிறது. அதுவே ஏழரை சதவீதம். இதற்கு மேல் காய்ச்சல், வகுப்பே சேர்ந்து போடுகிற மாஸ் கட், அண்ணன் கல்யாணம் எல்லாம் இருக்கிறது. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-இலிருந்து 75-க்குள் இருந்தால் உடல்நலக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று கொடுத்து விலக்குக் கேட்கலாம், அதற்கும் கல்லூரி பரிந்துரைக்க வேண்டும். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். என்னிடம் ஒரு பையன் இருந்தான். மஞ்சள்காமாலை வந்து மூன்று வாரம் ஊரில் கிடந்தான். கீழாநெல்லியும் பத்தியமுமாக உடம்பு தேறிவிட்டது. கல்லூரிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. செமஸ்டர் முடிய நாலு நாள் இருக்கும்போது வருகைப்பட்டியல் ஒட்டினோம், அவனுக்கு 66. மருத்துவச் சான்று கேட்டால் கையில் ஒரு துண்டுச்சீட்டு இல்லை, ஏனென்றால் டாக்டரிடமே போகவில்லை. முதல் நாளே அவன் அம்மா ஒரு போன் செய்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த நாலு நாளும் அவனும் நானும் படிக்கட்டு ஏறி இறங்கியதைச் சொன்னால் தனிக்கதை. கடைசியில் எழுதினான், ஆனால் படிக்க வேண்டிய நாட்கள் எல்லாம் கையெழுத்து வாங்குவதில் போயின.

பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான். பள்ளியில் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்கு ஆளனுப்புவார். இங்கே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், ஒரு வாரம் கழித்து அதன் மேல் வேறு தாள் ஒட்டிவிடுவார்கள். தேடிப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஒரு கிளாஸ் கவுன்சிலரிடம் அறுபது பேர்.

இனி அரியர். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரிக்குள்ளேயே போடும் மார்க்) 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்த்து 50. தேர்வுத்தாள் நூறு மார்க்குக்கு, அதை அறுபதுக்குச் சுருக்குவார்கள். நூற்றுக்கு 45 வாங்கினால் அறுபதுக்கு 27 ஆகும். அதாவது இன்டர்னல் 23 இருந்தால் தேர்வில் 45 போதும். இன்டர்னல் 18 என்றால் தேர்வில் 54 வேண்டும். ஒன்பது மார்க் வித்தியாசம், அது அந்தச் சின்னச் சின்ன டெஸ்டிலும் அசைன்மென்டிலும் உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை வாங்கிய இன்டர்னல்தான் அரியர் எழுதும்போதும் கூட வரும். எனவே இப்போதே உங்கள் இரண்டு பாடத்தின் இன்டர்னல் என்ன என்று பார்த்து, எத்தனை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ‘அரியர்’ என்று இருக்கும்போது பூதம் மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு இன்டர்னல் 21 என்று வைத்து, ‘கணக்கில் 49 மார்க்’ என்று எழுதிவிட்டால் அது வெறும் 49 மார்க்.

அந்த 49 எங்கிருந்து வரும்? வினாத்தாளில் இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. (நான் படித்த காலத்தில் பதினாறு மார்க். இன்னமும் வகுப்பில் வாய்தவறி ‘சிக்ஸ்டீன் மார்க்’ என்று சொல்லிப் பையன்களிடம் மாட்டிக்கொள்கிறேன்.) ஐந்து யூனிட்டுக்கும் ஆளுக்கொரு பதின்மூன்று மார்க், ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’. இரண்டு மார்க்கில் பன்னிரண்டு, மூன்று யூனிட்டில் பதினொன்று பதினொன்றாக 33, ஆக 45. மீதி நாலு மார்க்குக்கு பதினைந்து மார்க் கேள்வியைத் தொட்டுவிட்டு வந்தால் கிடைக்கும். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் முதல் யூனிட் அணிகள், இரண்டாவது வகையிடல், நாலாவது தொகையிடல். மூன்றுக்கும் அடித்தளம் நீங்கள் பள்ளியில் போட்டதுதான். முதல் யூனிட்டில் கேய்லி-ஹாமில்டன் தேற்றம் அடிக்கடி தலைகாட்டும், அந்தக் கணக்கைக் கை வலிக்கப் போட்டுப் பாருங்கள். எல்லா யூனிட்டையும் தொடுகிறேன் என்று கிளம்பினால் எதுவும் நிற்காது. இது முதலிடம் வாங்குகிற வழி இல்லை, அரியரை எடுக்கிற வழி. வேதியியல் இதைவிட எளிது. முதல் யூனிட்டே தண்ணீர்தான். கடின நீர், பாய்லரில் உப்புப் படிவது, அதைச் சரிசெய்வது. உங்கள் ஊர்த் தண்ணீரில் குண்டான் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான் ‘ஸ்கேல்’. உங்களுக்கு இதில் அரியர் வந்தது பாடத்தால் இல்லை, ஆங்கிலத்தால் என்றுதான் நினைக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு வருவோம். தமிழ்வழிப் பையன்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று: வார்த்தை தெரியாததைப் பாடம் தெரியாதது என்று நினைத்துவிடுகிறார்கள். ‘டிடர்மினன்ட்’ என்றதும் முழித்த ஒரு பையனிடம் கரும்பலகையில் மூன்றுக்கு மூன்று போட்டு இரண்டு பக்கமும் கோடு இழுத்தேன். “சார், இது அணிக்கோவை” என்று சொல்லிவிட்டு, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் விடை போட்டான். ‘ரேங்க்’ என்பது அணியின் தரம், ‘டெரிவேட்டிவ்’ வகைக்கெழு, ‘கெப்பாசிட்டர்’ மின்தேக்கி, ‘செமிகண்டக்டர்’ குறைகடத்தி. உங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே பாடம், ஒரே எடுத்துக்காட்டு, இரண்டு மொழி. பக்கத்தில் பக்கம் வைத்து தினம் இரண்டு பக்கம் படியுங்கள். இதைவிட நல்ல அகராதியை நான் பார்த்ததில்லை. அப்புறம், ‘அஸ்யூம்’, ‘ஹென்ஸ்’, ‘நெக்லிஜிபிள்’, ‘வித் ரெஸ்பெக்ட் டு’ மாதிரி எல்லாப் பாடத்திலும் வருகிற சொற்கள் கொஞ்சம் உண்டு. காதில் விழ விழ நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள், ராத்திரி அர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். பேசும் ஆங்கிலம் எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. சிலருக்கு ஆறு மாதத்தில் வந்தது, சிலர் நல்ல வேலைக்குப் போன பிறகும் தடுமாறுகிறார்கள். ஆனால் படித்துப் புரிந்து எழுதுகிற ஆங்கிலம் வரும். அது பழக்கம்தான்.

பணம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர் என்றால் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். 2024 ஆகஸ்டில் உங்கள் கோயம்புத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். (மாணவியருக்கு ‘புதுமைப் பெண்’, அது 2022-இலிருந்து.) கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் கேட்கிறேன், விண்ணப்பித்தீர்களா? விண்ணப்பித்தும் வரவில்லை என்றால், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும் என்பதை நினைவில் வையுங்கள். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்த பழைய கணக்கில் அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருக்கலாம். எங்கள் விடுதியில் ஒருவனுக்கு அப்படி ஏழு மாதப் பணம் சும்மா கிடந்தது, அன்றைக்கு ரூம் முழுக்க பிரியாணி. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார், அலுவலகத்தில் கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர் என்றால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது, அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில் நான் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றாம் தேதி வந்த பணத்தில் ஊருக்குப் போகிற ஒரு பயணத்துக்கானதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், மீதியை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு. டீக்கடைக்கு ரொக்கம் கொடுங்கள். ஜிபேயில் பத்து பத்தாகப் போவது கண்ணுக்கே தெரியாது, பாக்கெட் காலியாவது தெரியும். இந்த செமஸ்டர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இருக்கும், படம் வரைகிற ட்ராஃப்டர் கருவியைப் புதிதாக வாங்காதீர்கள், இரண்டாம் வருடப் பையன் எவனிடமும் தூசி படிந்து கிடக்கும். மெஸ் டிவைடிங் முறை (மாதச் செலவை எல்லோருக்கும் பங்கு போடுவது) என்றால், லீவில் போகும்போது முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் அந்த நாட்களைக் கழிப்பார்களா என்று கேளுங்கள். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற ஆப் எதையும் தொடாதீர்கள். அதில் மாட்டியவனின் அம்மாவுக்கும் தமிழாசிரியருக்கும் மிரட்டல் போன் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வீட்டு நினைப்பு புத்திமதியால் போகாது, எனக்கும் முதல் வருடம் போகவில்லை. மாதம் ஒரு தடவை போங்கள், அதுவும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வரும்போது. மற்ற மூன்று சனிக்கிழமையும் விடுதியில் இருந்து பாருங்கள். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், குழாயடி காலி, துணி துவைத்துப் போட்டுவிட்டுக் காலையில் மூன்று மணி நேரம் அந்த இரண்டு அரியர் பாடத்துக்கு உட்கார்ந்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். முதல் சனிக்கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும். நீங்கள் ஓடிப்போவது அம்மா சமையலுக்காக மட்டும்தானா, அல்லது ரூமில் ரிசல்ட் பற்றிய பேச்சைத் தவிர்க்கவா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆள் முகம் பார்க்காமல் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, வீட்டில் சொல்வது. சொல்லுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை என்பதும் தெரியும், அடிக்கிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மறைத்தவர்கள் கதை எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும். நாலு செமஸ்டர் மறைத்த ஒருவனின் அப்பா, அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், ஃபீஸ் கட்ட வந்த இடத்தில் ஆபீஸில் யாரோ “பையனுக்கு ஆறு அரியர் இருக்கே” என்று சொல்லிவிட்டார்கள். அவர் நேரே என்னிடம் வந்து, “சார், எங்களுக்கு டி.ஏ. அரியர் வந்தா சந்தோஷப்படுவோம், இவனுக்கு ஆறு வந்திருக்காமே, எப்ப சார் கையில குடுப்பீங்க?” என்றார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பையன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். அவர் திட்டவில்லை. வெளியே போகும்போது, “மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டியூஷனாச்சும் வெச்சிருப்பேனேடா” என்றது மட்டும் கேட்டது. போனில் சொல்ல வேண்டாம். அடுத்த முறை போகும்போது, எத்தனை மார்க் வேண்டும், எந்த யூனிட் படிக்கிறேன் என்று எழுதிய அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்பாவிடம் முடியாவிட்டால் அம்மாவிடம், இல்லையென்றால் மாமாவிடம்.

தூக்கம் வரவில்லை என்றும் ஒரு வார்த்தை இருந்தது. பஸ்ஸில் கழிகிற இரண்டு ராத்திரியால் அது கெட்டிருக்கலாம், தானே சரியாகலாம். இரண்டு மூன்று வாரம் அப்படியே நீடித்தாலோ, எதற்கும் மனசு வராமல் இருந்தாலோ 14416-க்குக் கூப்பிடுங்கள், மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். சீனியர்கள் தொல்லை ஏதாவது இருந்து அதைத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்றால், 1997-இலிருந்தே தமிழ்நாட்டில் ராகிங் சிறைத்தண்டனைக் குற்றம். தேசிய எண் 1800-180-5522, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

படிப்பை விட்டுவிடலாமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தீர்கள். அதை இந்த செமஸ்டர் தேர்வு எழுதிய பிறகு பேசுவோம், வந்து இதன் கீழேயே எழுதுங்கள். அரியர் பாடங்களுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி நோட்டீஸ் போர்டில் வரும். திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்ததும் போய் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.